ஜெட் படகுக்குச் சுக்கான் வைக்கலாமா?

நியூசிலாந்தில் வசிக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ ஊர். அப்பா வல்லத்தில் கடலுக்குப் போனவர். இவர் படித்து, வேலைக்காகக் கிறைஸ்ட்சர்ச் போய்ப் பத்து வருடம் ஆகிறது. போன கோடையில், தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி ஓடும் பழைய ஜெட் படகு ஒன்றைத் தனியார் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். 4.8 மீட்டர் நீளம், அலுமினிய உடல், காரிலிருந்து எடுத்துப் பொருத்திய வி6 இன்ஜின், ஒற்றை ஜெட். பெரும்பாலும் குடும்பத்தோடு பென்மோர் ஏரிக்குப் போகிறார். எப்போதாவது நண்பர்களோடு வைமாக்கரிரி ஆறு.

ஜனவரியில் ஒரு நாள் ஏரியிலிருந்து ராம்புக்கு, அதாவது படகை இறக்கி ஏற்றும் கரைச் சரிவுக்கு, திரும்பியிருக்கிறார். மனைவி கயிறோடு அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்றிருக்கிறார். கரைக்குச் சுமார் 30 மீட்டர் இருக்கும்போது ஒரு கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) குறுக்கே வந்தது. இவர் பதறி, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்க மூடி, ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்தார். படகு திரும்பவே இல்லை, நேராகப் போனது. கயாக்கில் இருந்த பையன் துடுப்பைப் போட்டு விலகிக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. "அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டீரிங் கையில் சுற்றுகிறது, படகு கேட்கவில்லை. அந்த உணர்வை மறக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு மனைவி, சுக்கான் (படகைத் திருப்ப அமரத்தில், அதாவது பின்முனையில், நீருக்குள் இறங்கும் பலகை) வைக்காமல் பிள்ளைகளை அந்தப் படகில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவர், பின்பலகையில் அலுமினியத் தகட்டில் சுக்கான் ஒன்று செய்து பூட்டித் தருகிறேன் என்கிறார். பின்பலகையின் அடியில் அடைபட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பழைய சொந்தக்காரர் சுக்கானைக் கழற்றிவிட்டுத் தன்னை ஏமாற்றி விற்றுவிட்டாரோ என்று இவருக்குச் சந்தேகம். மெதுவாகப் போகும்போது படகு பாம்பு மாதிரி நெளிகிறது என்பது இன்னொரு குறை. ஏரியில் 13 வயது மகளிடம் சில நேரம் ஸ்டீரிங்கைக் கொடுப்பதாகவும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, சுக்கான் வைக்கட்டுமா வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டீர்கள். படகுப் பொறியாளனாகச் சொல்வதைக் கொஞ்சம் உரிமையோடும் சொல்கிறேன். அந்தத் தகட்டுச் சுக்கான் வேண்டாம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. மனைவி சொன்னதும் நியாயம். சுக்கான் வேண்டாம் என்பதோடு பேச்சை முடித்துவிட்டால் அந்தக் கயாக் பையனுக்கு நாம் ஒன்றும் செய்யாதவர்கள் ஆகிவிடுவோம். அதனால் ஒரே வார்த்தையில் முடிக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்த இரண்டு ஓட்டைகள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். ஜெட் படகுகள் சுக்கான் இல்லாமல்தான் பிறக்கின்றன. பின்பலகையின் அடியில் இருக்கும் ஓட்டைகள் பெரும்பாலும் ஆழமானியின் உணர்கருவியைப் பூட்டிய இடமாக இருக்கும். மீன் பிடிக்கும் ஏரிகளில் ஓடிய படகுகளில் இது சாதாரணம். அடைப்பு நீர் கசியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய சொந்தக்காரர் மேல் வழக்குப் போடும் எண்ணத்தையும் விட்டுவிடலாம். நியூசிலாந்தின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் வியாபாரிகளிடம் வாங்கியதற்குத்தான் பொருந்தும், தனியார் விற்பனைக்குப் பொருந்தாது. அவர் உங்களிடம் பொய் சொல்லி விற்றார் என்றால் கதை வேறு. இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை.

சுக்கான் ஏன் இல்லை என்பதற்கு உங்கள் பக்கத்து ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. டெக்காப்போ ஏரி வழியாக பென்மோருக்குப் போனால், புக்காக்கி ஏரிக்கு முன்னால் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையைத் தாண்டித்தான் போவீர்கள். அந்தப் பண்ணையின் சொந்தக்காரர் பில் ஹாமில்டன் அங்கேதான் 1950களில் ஜெட் படகை உருவாக்கினார். கேன்டர்பரி ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை. சில இடத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அடியில் சுழலும் விசிறியால் ஓடும் புரொப்பல்லர் படகு அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது. அவருடைய முதல் முயற்சியில் ஜெட் நீர் படகின் அடியில்தான் வெளியேறியது. பிறகு அந்த வாயைப் பின்பலகை வழியாக நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தார்கள். வேகம் கூடியது, அடியில் நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லாமலும் போனது. அந்தப் படகுகள் 1960இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்து ஏறின. 1977இல் எட்மண்ட் ஹிலரி மூன்று ஜெட் படகுகளோடு கங்காசாகரில் தொடங்கிக் கங்கையை எதிர்த்துப் போனார். அப்போது ஓட்டிய முக்கியமானவர்களில் ஒருவர் ஹாமில்டனின் மகன் ஜான். நந்தப்பிரயாகில் ஓர் அருவி குறுக்கே நின்று தடுக்கும் வரை அந்தப் படகுகள் போயின. அடிப்பக்கம் வழவழப்பாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

அப்பாவின் வல்லம் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தது

"பாய் விரித்த வல்லத்தில் அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், படகு சொன்ன பேச்சைக் கேட்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் பின்னாளில் அதே ஊரில் பைபர் படகுகளில் நீளத் தண்டு வைத்த இன்ஜினும் வந்ததே, நினைவிருக்கிறதா? ஓட்டுபவர் இன்ஜினோடு சேர்த்து அந்தத் தண்டையே இடமும் வலமும் வீசுவார். அங்கே தனியாகச் சுக்கான் கிடையாது. தள்ளுகிற விசையின் திசையை மாற்றித்தான் படகைத் திருப்புகிறார்கள். அலை உடையும் இடத்தில் இன்ஜினைக் குறைத்துவிட்டுத் தண்டைத் திருப்பினால் என்ன ஆகும்? படகு அசமந்தமாகக் கிடக்கும், அலை அதைக் குறுக்கே போட்டுவிடும். அதனால்தான் "முறுக்கிவிட்டுத் திருப்பு" என்று கத்துவார்கள்.

உங்கள் ஜெட் படகு இந்த இரண்டாவது ஜாதி. அடியில் இருக்கும் கிரில் (கம்பித் தடுப்பு) வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் அதை முறுக்கி, நாசில் என்ற குறுகிய வாய் வழியாகப் பின்னால் பீய்ச்சுகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் அந்தப் பீய்ச்சல் பக்கவாட்டில் வளைகிறது. பீய்ச்சல் இருந்தால் திருப்பம் இருக்கும், இல்லாவிட்டால் கிடையாது. ஜெட்டின் தள்ளுவிசை இன்ஜின் சுற்று வேகத்தின் வர்க்கத்தில் மாறும். சுற்று பாதியானால் விசை கால்வாசி ஆகிவிடும். 4,500 சுற்றில் ஓடிய இன்ஜின் 900க்கு இறங்கினால் விசை 25இல் ஒரு பங்கு. ஜனவரியில் நடந்தது இதுதான். படகு பழுதாகவில்லை. கார் ஓட்டிய காலும், புரொப்பல்லர் படகு பார்த்த கண்ணும் ஆபத்து என்றதும் த்ராட்டிலை மூடச் சொல்லிவிட்டன. ஜெட் படகில் த்ராட்டிலை மூடுவதும் சுக்கானைக் கழற்றித் தண்ணீரில் எறிவதும் ஒன்றுதான்.

அந்தத் தகடு என்ன செய்யும், என்ன செய்யாது

வெல்டிங் செய்பவர் சொன்ன அளவையே எடுத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் ஆழம், 10 சென்டிமீட்டர் அகலம். தகட்டின் பக்கவிசை தண்ணீரில் படகு போகும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தோராயமாகக் கணக்குப் போட்டேன்.

ராம்புக்குள் நுழையும் 5 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் அந்தத் தகடு தரும் பக்கவிசை சுமார் 3 கிலோ. 2 நாட்டில் அரைக் கிலோ. முழுச் சுமையோடு இருக்கும் ஒரு டன் படகை அரைக் கிலோ விசை என்ன செய்துவிடும்? உங்களுக்குச் சுக்கான் அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் அது கை விரிக்கிறது. புரொப்பல்லர் படகில் சுக்கான் மெதுவாகப் போகும்போதும் வேலை செய்வது வேறு காரணத்தால். அங்கே புரொப்பல்லர் தள்ளும் நீர் நேராகச் சுக்கான்மேல் பாய்கிறது. உங்கள் படகில் ஜெட்டின் பீய்ச்சல் தகட்டுக்கு மேலே போய்விடும். தகடு தேங்கிய நீரில் தனியாகத் தொங்கும்.

அதே தகடு 40 நாட் வேகத்தில் 200 கிலோவுக்கு மேல் இழுக்கும். கவனித்தீர்களா, 3 கிலோ எங்கே, 200 கிலோ எங்கே. அந்த 200 கிலோ, பின்பலகையின் அடிவிளிம்பில் நான்கு போல்ட் வழியாக இறங்குகிறது. உங்கள் படகின் அடி ஜெட்டுக்காகவே கொஞ்சம் சறுக்கும்படி செய்யப்பட்டது. திருப்பத்தில் அது பக்கவாட்டில் வழுக்க வேண்டும், அப்போதுதான் கவிழாமல் இருக்கும். சறுக்கும் படகின் அமரத்தில் ஒரு கத்தி போய்க் கடித்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று படகு செய்தவர்கூடச் சொல்ல முடியாது. அந்தக் கத்தியோடு அவர் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

உங்களுக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சுக்கான் இருந்திருந்தால் கொஞ்சம் உதவியிருக்கும். நீங்கள் வந்தது 12 நாட் வேகம் என்று வைத்துக்கொண்டால், முதல் நொடியில் அது 20 கிலோ பக்கவிசை தந்திருக்கும். அணியம் இறங்கி வேகம் விழ விழ அதுவும் கரைந்திருக்கும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் த்ராட்டிலை மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொண்டே திருப்பியிருந்தால், எந்தத் தகடும் இல்லாமல் கயாக்கை விட்டுத் தாராளமாக விலகியிருப்பீர்கள்.

ஆற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இன்ஜின் நின்றுவிட்டால் சுக்கானாவது காப்பாற்றாதா என்று. ஆற்றில் இன்ஜின் நின்றதும் சில நொடிகளில் படகு நீரோட்டத்தின் வேகத்துக்கு வந்துவிடும். அப்புறம் படகும் தண்ணீரும் ஒரே வேகத்தில் போகும், தகட்டைத் தாண்டி நீர் ஓடாது. ஓடும் நீரில் மிதக்கும் படகுக்குச் சுக்கான் வெறும் பலகைதான். அங்கே உதவுவது துடுப்பும், கைக்கு எட்டும் இடத்தில் கயிறோடு தயாராக இருக்கும் நங்கூரமும். இரண்டும் உங்கள் படகில் இருக்கின்றனவா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் அடுத்த ஆற்றுப் பயணத்துக்கு முன் வாங்கிவிடுங்கள்.

ஆற்றில் தகட்டுக்கு இன்னொரு கேடும் உண்டு. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு படகு என் பட்டறைக்கு வந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் பூட்டிய சுக்கான். கல்லில் மோதியபோது தகடு வளையவில்லை, அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தார்கள். வளைய வேண்டியது வளையாததால் பின்பலகை கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் என் நான்கு விரல்களும் போயின. ஓட்டியவர் படகைக் கல் திட்டின்மேல் ஏற்றியதால் தப்பித்தார். ஆழமான இடமாக இருந்தால் அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். சாண் ஆழத்தில் ஓடும் படகின் அடியில் ஒரு சாண் தகட்டைத் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் தண்ணீரில் குதித்து விளையாடும் படகு என்கிறீர்கள். புரொப்பல்லர் இல்லாத படகு என்பதால்தானே பலர் குடும்பத்துக்கு ஜெட்டை வாங்குகிறார்கள். கூரிய விளிம்புள்ள தகட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால் அந்த நிம்மதியில் பாதி போய்விடும்.

அப்படியானால் நெளிவதற்கு என்ன செய்வது

மெதுவாகப் போகும்போது நெளிவது ஜெட் படகின் சுபாவம்தான், ஓரளவு. அடியில் நீளமாக ஓடும் ஏரா மாதிரிப் பிடிப்பு எதுவும் இல்லையே. ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு நெளிகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது. சுக்கான் கேட்பதற்கு முன் டிரெயிலரின் அடியில் டார்ச்சோடு படுங்கள்.

முதலில் கிரில்லைப் பாருங்கள். இரண்டு கம்பிக்கு நடுவில் முட்டை அளவுக் கூழாங்கல் ஒன்று சிக்கியிருந்தாலே போதும், இம்பெல்லருக்குப் போகும் நீர் கலங்கிவிடும். கயிற்றுத் துண்டு, ஏரிப் பாசியும் சிக்கும். எல்லாவற்றையும் பிடுங்குங்கள். இன்ஜின் அணைந்திருக்கிறதா, சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையை விட வேண்டும்.

அடுத்து நாசிலை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். ஸ்டீரிங்கை ஒருவர் அசையாமல் பிடித்திருக்கும்போது நாசில் விரல் அகலத்துக்கு ஆடினால், கேபிளோ அச்சு ஊசியோ தேய்ந்திருக்கிறது. பழைய படகுகளில் நெளிவுக்கு நான் அடிக்கடி கண்ட காரணம் இதுதான். அங்கே ஆட்டம் இருந்தால் நீங்கள் திருத்தத் திருத்தப் படகு தாமதமாகக் கேட்கும். நீங்கள் அதிகமாகத் திருப்புவீர்கள், படகு மறுபக்கம் போகும், பாம்பு ஓடும்.

மூன்றாவது, இம்பெல்லருக்கும் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி. புதிதில் அது மில்லிமீட்டரின் ஒரு பகுதிதான் இருக்கும். ஆற்று மணலையும் பொடிக்கல்லையும் விழுங்கி விழுங்கி அது அகலும். அகன்றால் குறைந்த சுற்றில் தள்ளுவிசை செத்துவிடும், அதோடு ஸ்டீரிங்கும். உங்கள் ஜெட்டின் தயாரிப்பாளர் கையேட்டில் மாற்ற வேண்டிய அளவு இருக்கும். இதை ஜெட் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அளக்கட்டும். சுக்கானுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் இங்கே செலவழியுங்கள்.

படகின் அடியில் கிரில்லுக்கு முன்னால் பெரிய நசுங்கல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அங்கிருந்து காற்று கலந்த நீர் ஜெட்டுக்குள் போகும்.

பக்கெட்தான் உங்கள் சுக்கான்

கடிதம் முழுக்கத் தேடினேன், பக்கெட் என்ற சொல்லே இல்லை. நாசிலுக்குப் பின்னால் மேலிருந்து இறங்கும் அந்த வளைந்த மூடியைப் பின்னால் போக மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜெட் படகு ஓட்டுவதில் பாதி வித்தை அந்த லீவரில்தான் இருக்கிறது.

பக்கெட்டை முழுக்க இறக்கினால் பீய்ச்சல் முன்பக்கம் மடங்கிப் படகு பின்னால் போகும். பாதி இறக்கினால் பீய்ச்சலில் ஒரு பங்கு பின்னாலும் ஒரு பங்கு முன்னாலும் போகும். இரண்டும் சமமாகும் ஓர் இடம் உண்டு. அங்கே படகு முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. ஆனால் பீய்ச்சல் இருக்கிறது, அதனால் ஸ்டீரிங் உயிரோடு இருக்கிறது. திருப்பினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு புரொப்பல்லரும் சுக்கானும் மட்டும் வைத்த படகு இதை இவ்வளவு எளிதாகச் செய்யாது.

ஆகவே, கரைக்கு வரும்போது வேகத்தை த்ராட்டிலால் குறைக்காதீர்கள். இன்ஜினை 1,500இலிருந்து 2,000 சுற்றில் நிலையாக வைத்து, பக்கெட்டால் வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். 5 நாட், 2 நாட், நிற்பது எல்லாம் லீவரின் சில அங்குலத்துக்குள் இருக்கிறது. சத்தம் கொஞ்சம் அதிகம், பெட்ரோல் கொஞ்சம் அதிகம். ராம்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இதைப் படித்துவிட்டு நேராக ராம்பில் முயலாதீர்கள். காற்றில்லாத காலையில், ஏரி நடுவில், ஆள் இல்லாத இடத்தில், மிதவை ஒன்றைக் கட்டிப் போட்டுப் பழகுங்கள். முதலில் வேண்டுமென்றே அதே தப்பைச் செய்யுங்கள். மிதவையை நோக்கி 12 நாட்டில் போய், த்ராட்டிலை மூடி, திருப்பிப் பாருங்கள். படகு எவ்வளவு தூரம் நேராகப் போகிறது என்று உங்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும். பிறகு அதே வேகம், ஆனால் த்ராட்டிலை மூன்றில் ஒன்றுக்கு மட்டும் இறக்கித் திருப்புங்கள். பத்து முறை. அப்புறம் பக்கெட்டைப் பாதியில் நிறுத்தி மிதவைக்குப் பக்கத்தில் ஒரு முழுச் சுற்று. நல்ல வேகத்தில் போகும்போது பக்கெட்டைச் சட்டென்று இறக்க வேண்டாம். முதலில் வேகம் விழட்டும், பக்கெட் இறங்கட்டும், பிறகு த்ராட்டில். மாற்றிச் செய்தால் அணியம் நீரில் குத்தும், அங்கே நிற்பவர் தூக்கி எறியப்படுவார். ஓடும் படகில் மனைவியை அணியத்தில் நிற்க வைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். கயிறு பிடிப்பவர் படகு நின்ற பிறகு முன்னால் போனால் போதும்.

ஜெட் போட்டிங் நியூசிலாந்து என்ற சங்கத்துக்கு உங்கள் பகுதியிலும் கிளை இருக்கிறது. அவர்களோடு ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஆற்றைப் படிப்பது எழுத்தில் வராது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் வரும்.

சுக்கான் போன்ற ஒன்று வேண்டும் என்றே தோன்றினால்

இந்தக் குறையைத் தயாரிப்பாளர்களும் மறுக்கவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இலேயே ஜெட் ஸ்கூட்டர் விபத்துகளைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. த்ராட்டிலை விட்டதும் திருப்பம் போய்விடுவது அப்போது பேசப்பட்ட முக்கியமான குறை. பிறகு ஜெட் ஸ்கூட்டர் செய்யும் சீ-டூ நிறுவனம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சுக்கான்களை வைத்தது. த்ராட்டிலை விட்டால் இறங்கும், பிடித்தால் ஏறிக்கொள்ளும். யமஹாவும் கவாசாகியும் வேறு வழியில் போயின. த்ராட்டிலை விட்டபின் திருப்பினால் இன்ஜின் தானாகவே கொஞ்சம் சுற்றைக் கூட்டிப் பீய்ச்சல் தரும். எனக்கு இரண்டாவது வழிதான் சரியாகப் படுகிறது, அது ஜெட்டின் இயல்போடு போகிறது. உங்கள் பழைய இன்ஜினில் அதைப் பின்னால் சேர்ப்பது எளிதல்ல.

கடையில் கிடைப்பவற்றில், நாசிலோடு சேர்ந்து திரும்பும் சிறு தகடுகள் உண்டு. ஏரியில் மட்டும் ஓட்டுபவர்கள், படகுத்துறைகளுக்கு நடுவே அடிக்கடி மெதுவாகப் போகிறவர்கள் இதை வைத்து நெளிவு குறைந்தது என்று சொல்வதுண்டு, அது உண்மைதான். நீங்கள் ஆற்றுக்குப் போவதை முழுக்க விட்டுவிட்டால் இதை யோசிக்கலாம். அப்போதும் உங்கள் ஜெட் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கல்லோ கட்டையோ பட்டால் மடங்கிக்கொள்ள வேண்டும். பக்கெட் முழுக்க இறங்கும்போது எங்கும் உரசக்கூடாது. பின்பலகையில் புது ஓட்டை வேண்டாம். அடிமட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பூட்டுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது.

சட்டம்

சொந்த உபயோகத்துக்கான ஜெட் படகில் சுக்கான் இல்லாதது குற்றமில்லை. ஆனால் "சுக்கான் இல்லாததால் திருப்ப முடியவில்லை" என்பது விபத்துக்குப் பின் உங்களுக்கு வாதமாகவும் ஆகாது. படகை நடத்துபவர்தான் பொறுப்பு. நியூசிலாந்துக் கடல்சார் விதிகளின் 91ஆம் பகுதிப்படி கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், இன்னொரு படகிலிருந்தோ நீரில் இருக்கும் ஆளிடமிருந்தோ 50 மீட்டருக்குள்ளும் 5 நாட்டுக்கு மேல் போகக்கூடாது. கயாக்கும் படகுதான். சில ஆறுகளிலும் ஒதுக்கப்பட்ட ஏரிப் பகுதிகளிலும் வட்டார நிர்வாகம் இதைத் தளர்த்தியிருக்கும், அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு இறக்குங்கள். கரைக்கு 30 மீட்டரில் உங்கள் வேகம் என்ன என்று கடிதத்தில் எழுதவில்லை. படகு நேராகப் போன தூரத்தைப் பார்த்தால் 5 நாட் இல்லை என்று எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும். சுக்கானைப் பற்றிய உங்கள் கேள்விக்கு முன்னால் அங்கே ஒரு வேகக் கேள்வி இருக்கிறது. வருத்தப்பட வேண்டாம், சொல்லாமல் விட முடியவில்லை.

மகள் விஷயம். 10 நாட்டுக்கு மேல் போகக்கூடிய இன்ஜின் படகை 15 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது. 15 வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர் கட்டுப்பாடுகள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்து நேரடியாக மேற்பார்த்தால் ஓட்டலாம். நீங்கள் பின்னிருக்கையில் பேசிக்கொண்டிருந்தால் அது மேற்பார்வை ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, த்ராட்டில் மேல் உங்கள் கை இருக்கட்டும். அவளுக்கு முதல் நாளே "திருப்பும்போது த்ராட்டிலை விடாதே" என்று பழக்கிவிடுங்கள். காரின் பழக்கம் வருவதற்கு முன்பே இதைப் பழகினால் அவள் உங்களைவிட நன்றாக ஓட்டுவாள்.

நண்பர்களிடம் காசு வாங்கி ஆற்றில் கூட்டிப்போகும் யோசனை இருந்தால், அது வேறு உலகம். வணிக ஜெட் படகுகளுக்கு 82ஆம் பகுதி என்று தனி விதிகளே இருக்கின்றன. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

வெல்டிங் செய்பவரிடம் நன்றி சொல்லி நிறுத்தி வையுங்கள். டிரெயிலர் அடியில் படுத்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்று எழுதுங்கள், நாசிலைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் அனுப்புங்கள். பழுது எல்லாம் பார்த்த பிறகு, மிதவையோடு ஏரிக்குப் போகும் அந்தக் காலையில் பிள்ளைகளைக் கரையில் யாரிடமாவது விட்டுவிட்டு மனைவியைக் கூட்டிப் போங்கள். நீங்கள் பத்து முறை செய்தபின் ஸ்டீரிங்கை அவரிடம் கொடுங்கள். பாதி பக்கெட்டில் படகை நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுக்கான் வேண்டுமா என்று அவரே சொல்லட்டும்.